மரியசூசை வீட்டுக்கு ஒரு கடிதம்

முகாமில் மற்ற அதிகாரிகளெல்லாம் இன்ஜினியர்கள். தமிழ் எம்.ஏ. படித்தவர் கேப்டன் இளம்பரிதி மட்டும்தான். அதனால் இறந்த வீரர்களின் வீட்டுக்குக் கடிதம் எழுதும் வேலை அவருக்கே வந்தது. ரோந்துக்குக் கிளம்பும்போது சிப்பாய் மரியசூசை வந்து நின்றான்.

"சார், எங்கம்மாவுக்கு எழுதுறப்ப வீரமரணம்னெல்லாம் போடாதீங்க. அதுக்குப் புரியாது. குளிக்கிறப்ப விசிலடிப்பான்னு போடுங்க."

"போடா லூசு. சாயங்காலம் வந்து டீ குடி."

அவன் போனதும் எம்.ஏ. புத்தி சும்மா இருக்கவில்லை. அந்த ஒரு வரியை எழுதிப் பார்த்தார். நன்றாக வந்தது. அடுத்தடுத்த வரிகளும் தானாக வந்தன. கையெழுத்துப் போட்ட பிறகுதான் பதறிப்போய்க் கிழித்து அடுப்பில் போட்டார்.

சாயங்காலம் ரோந்து போன ஆறு பேரும் திரும்பினார்கள். மரியசூசை டீ குடித்துவிட்டுக் குளிக்கப் போனான். இளம்பரிதி குளியலறைக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தார்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.