இடது பக்கம் யாரு?

பெண்டாட்டி காப்பியடித்ததையே பிடித்துக் கொடுத்த பேராசிரியர் என்று கல்லூரியே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

பின்னே? அவர் லேசுப்பட்ட ஆளா! வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் பாடம் படிக்கும் வகுப்பை நடத்துவது அவர்தான். பரீட்சை எழுதுகிறவர் முகத்தைக் கேமரா வழியாகக் கவனித்து, கண் கொஞ்சம் அலைபாய்ந்தாலும் போட்டுக் கொடுக்கும் மென்பொருளும் அவர் எழுதியதுதான். அது முதன்முதலில் போட்டுக் கொடுத்ததே அந்த வகுப்பில் படிக்கும் அவர் மனைவியைத்தான். 'இடது பக்கம் அடிக்கடி பார்வை' என்று பெரிய சிவப்புக் கட்டம்.

அன்றைக்கே வீட்டில் பேச்சுவார்த்தை கட். விசாரணை முடியும்வரை ஆசிரியர் அந்த மாணவியோடு பேசக்கூடாதாம், விதி! காபி வேண்டுமென்றால்கூட ஈமெயில் போட்டார். "தங்கள் கோரிக்கை கிடைத்தது. சர்க்கரை எவ்வளவு?" என்று பதில் வரும்.

விசாரணையும் ஆன்லைனில்தான். பிரின்சிபால் அவர் ஆபீசில், பேராசிரியர் படுக்கையறையில், மனைவி ஹாலில். பேராசிரியர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் அவளுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு தடவை, கதவு வழியாக ஒரு தடவை கேட்டது.

"தப்புன்னு முடிவாச்சுன்னா ஒரு வருஷத்துக்குப் பரீட்சை எழுத முடியாதும்மா. தெரியுமில்ல?" என்றார் பிரின்சிபால்.

பேராசிரியருக்கும் தெரியும். இந்தப் படிப்பின் சான்றிதழை நம்பித்தான் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நேர்மை என்றால் நேர்மைதான்.

"இடது பக்கம் யாரு இருந்தா? சொல்லுங்க மாணவி!"

அவள் படுக்கையறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நீங்க எங்க சார் இருந்தீங்க?" என்று பிரின்சிபால் பேராசிரியரைக் கேட்டார்.

"நான்தானே சார் கண்காணிப்பாளர்! லேப்டாப்பை மடியில வெச்சுக்கிட்டு, மூணு மணி நேரமும் எல்லாப் பிள்ளைங்களையும் கண் கொட்டாம பார்த்துக்கிட்டிருந்தேன்."

"அப்புறம் இவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"ரெக்கார்டிங்ல சத்தமும் இருக்கு சார். நானே இன்னும் கேக்கலை. உங்க முன்னாடி கேக்கறதுதான் முறை."

மனைவி பதறிப்போனாள். "என்னங்க, சத்தம் மட்டும் வேண்டாங்க..."

"சார்னு சொல்லுங்க!"

"சார், வேண்டாம் சார். நான் காப்பியடிச்சேன்னே எழுதிக்குங்க."

"பார்த்தீங்களா! குட்டு உடையப் போகுதுன்னதும் வழிக்கு வந்துட்டாங்க!"

பேராசிரியர் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, சத்தத்தை முழுசாக ஏற்றினார்.

கர்ர்ர்... புர்ர்ர்... கர்ர்ர்...

பிரின்சிபால் காதைப் பொத்திக்கொண்டார். "என்னம்மா இது, பக்கத்துல யாராவது மரம் அறுக்கறாங்களா?"

சத்தம் சட்டென்று நின்றது. வீடியோவில் அவள் எழுதுவதை விட்டுவிட்டு இடது பக்கம் திரும்பினாள். மறுபடி கர்ர்ர். அப்பாடா என்று திரும்பி எழுத ஆரம்பித்தாள். மறுபடி நின்றது. மறுபடி திரும்பினாள்.

பேராசிரியர் அவசர அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தார்.

"யாரும்மா அது?" என்றார் பிரின்சிபால்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தேர்வுக் கண்காணிப்பாளர் சார். குறட்டை திடீர்னு நின்னா எனக்குப் பயமாயிடும். மூச்சு வருதான்னு பார்த்துக்கிட்டேன்."