முன்பக்கம் இரண்டு பேர்

பிக்கப் வண்டியின் நீள சீட்டை மெக்கானிக் கழற்றி வெளியே போட்டதும் மாமனார் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். மகன் ஓட்ட, நடுவில் மருமகள், கதவோரம் அவர் என்று மூவரும் போன மாதம் வரை தினமும் காய்கறி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன சீட்டு அது.

"அதுக்குப் பதிலா என்னம்மா வரப்போகுது?"

"தனித்தனியா ரெண்டு சீட்டு, மாமா."

அவருக்குப் புரிந்துவிட்டது. மடங்காத முழங்காலோடு ஏறி இறங்கும் கிழவன் பாரமாகிவிட்டான். அதனால்தான் மகனும் கொஞ்ச நாளாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்மா. நான் வீட்டுலயே கிடக்கறேன்."

"ஐயோ, நீங்க இல்லாம நான் எப்படி யாவாரம் பண்றது? நீள சீட்டை முன்னால இழுத்தா உங்களுக்குக் கால் நீட்ட முடியாது. இழுக்கலைன்னா எனக்கு பிரேக் எட்டாது. அதான் தனித்தனியா."

"உனக்கு எதுக்கும்மா பிரேக்? அவன்தானே ஓட்டுவான்?"

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெக்கானிக் புது சீட்டுகளை மாட்டி முடித்தபோது, டீ குடிக்கப் போயிருந்த மகன் திரும்பி வந்தான். வண்டியைத் தடவியபடியே கதவு வரைக்கும் வந்து, உள்ளே கைவிட்டுப் புது சீட்டை அழுத்திப் பார்த்தான்.

"மெத்துனு இருக்குப்பா. உங்க காலுக்கு வசதியா இருக்கும்" என்று சிரித்தான். "என்ன கலர் போட்டிருக்காங்க?"

பட்டப்பகல். சிவப்பு சீட்டு அவன் கண்ணெதிரில் பளபளத்துக்கொண்டிருந்தது.

மாமனார் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். "சிவப்புப்பா" என்று சொல்லி, அந்தக் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.