எண்ணெய் இறங்கும்வரை

மொன்டானாவின் பனிவெளிச்சம் சமையலறை ஜன்னலில் நீலமாய் ஒட்டிக் கிடக்கிறது. குளிரில் இறுகிய டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்சுரப்பு எண்ணெய் இளகட்டும் என்று ஆர்லீன் மருந்துக் குப்பியை உள்ளங்கையில் பொத்தி வைத்திருக்கிறாள். அவள் கணவன் வேட் கால்சட்டையை இறக்கிவிட்டு, மேஜையில் கையூன்றிக் குனிந்து நிற்கிறான். அவன் முகம் பிடரிவரை செக்கச் சிவந்திருக்கிறது. "கிளினிக்ல இருந்து நர்ஸ் கூப்பிட்டா. இந்த ஊசியால ஒன் ரத்தம் கெட்டியாயிடுச்சாம், எங்கயாவது அடைச்சுக்குமாம். டாக்டர் பாக்குற வரைக்கும் ஊசியே போடக் கூடாதாம்" என்கிறாள். "அவளா வந்து கன்னுக்குட்டியப் பிடிச்சுக் கட்டப்போறா? குத்துடி" என்கிறான் வேட். சுவரில் துப்பாக்கி தொங்குகிறது. போன குளிர்காலம் முழுக்க அது பக்கத்துப் பண்ணை லாய்டு வீட்டில் இருந்தது; ஆண்சுரப்பு வற்றிப்போன இவன் சோபாவில், அது தொங்கிய ஆணியையே பார்த்துக் கிடந்தான். அந்த மனுஷனை எழுப்பி நடமாட விட்டது இந்த எண்ணெய்தான். "நிறுத்திடலாம் வேட். துப்பாக்கிய மறுபடியும் லாய்டு வீட்டுல குடுத்து வைக்கிறேன்." அவன் திரும்பவில்லை. "ஊசி இருக்கற வரைக்கும் அதுக்கு வேலையில்ல." அடுப்பில் காபி கொதித்துச் சுண்டுகிறது, அணைக்க ஆளில்லை. ஆர்லீன் எண்ணெயை உறிஞ்சி எடுக்கிறாள். பசுக்களுக்குச் செய்வதுபோலவே புறங்கையால் இரண்டு தட்டு தட்டி ஊசியை இறக்குகிறாள். "ம்மா" என்று எப்போதும்போல் மாடாகக் கத்திக் காட்டுகிறான் அவன். எப்போதும் சிரிப்பவள், எண்ணெய் முழுதும் இறங்கும்வரை, அவன் முதுகு மூச்சில் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.