அலை சென்சர்

கடலில் அலை அளவு மீறினால், கரையில் நிற்கும் படகின் எஞ்சினுக்கு ஸ்பார்க் கிடைக்காமல் தடுக்கும் சென்சர் அது. ஊரோடு சண்டை போட்டு எல்லாப் படகிலும் அந்தச் சென்சரைப் பூட்ட வைத்தவர் சூசைதான். அதன்பிறகு கடல் அந்த ஊரில் யாரையும் கொண்டுபோகவில்லை.

அன்று காலை திடீரென்று காற்று திரும்பியது. கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த சூசையின் தம்பி சவேரியின் படகு, எல்லோரும் பார்க்கும் தூரத்திலேயே கவிழ்ந்தது. சூசை தன் படகில் பாய்ந்தேறிச் சாவியைத் திருகினார். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை.

"அலை அதிகம். புறப்பட முடியாது" என்றது படகு.

"அங்கன கெடக்கது எந்தம்பில!" என்று கத்திக்கொண்டே சென்சரை அடித்து உடைத்தார். அப்போதும் ஸ்பார்க் வரவில்லை. நான்கு பேர் துடுப்புப் போட்டே போனார்கள். போய்ச் சேர்ந்தபோது சவேரிக்கு மூச்சில்லை.

அடக்கம் முடிந்ததும், எல்லாப் படகுகளிலும் சென்சரைக் கழற்றிவிட சூசை ஸ்பானரோடு கரைக்கு வந்தார். சவேரியின் மனைவி பிலோமினா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

"கழத்தாதிய அத்தான். இனி எம்புள்ளதான கடலுக்குப் போவணும்."

சூசை ஸ்பானரோடு வீட்டுக்குத் திரும்பினார். மறுநாள் தன் படகில் புதுச் சென்சர் ஒன்றை அவரே பூட்டினார்.