பெருவிரல் அளவு

குதிகாலில் ஈரம் பட்டது.

அவர் குனிந்து பார்த்தார். படகின் பின்பலகை அடியில், கழுவிய தண்ணீர் வடிவதற்கென்று வைத்த துளை திறந்து கிடந்தது. அதை அடைக்கும் ரப்பர் கட்டை இல்லை.

நேற்று படகைக் கழுவியபோது பிடுங்கி மதில்மேல் வைத்தார். இப்போதும் மதில்மேல்தான் இருக்கும்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தவரைக்கும் தெரியவில்லை. படகு வேகமாகப் போனால் அந்தத் துளை வழியே தண்ணீர் வெளியேதான் போகும். நங்கூரம் போட்டு நின்றதும் கடல் உள்ளே வரத் தொடங்கிவிட்டது.

முன்னால் ஜெசிந்தா தூண்டில் நரம்பை விரலில் சுற்றிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். வெயிலுக்கு அவருடைய துண்டைத் தலையில் போட்டிருந்தாள்.

துண்டைக் கேட்க முடியாது. சட்டையைக் கழற்றினால் ஏன் என்பாள்.

வலது கால் பெருவிரலைத் துளைக்குள் நுழைத்தார்.

கச்சிதமாக நின்றது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் விடுமுறை நாளெல்லாம் அவருக்குக் கடல். ஓய்வு பெற்ற பிறகு எல்லா நாளும் கடல். இது மூன்றாவது படகு. கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் ஜெசிந்தா ஒன்றிலும் ஏறியதில்லை.

போன வாரம் படகை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். அனுப்பியது மகள். அறுபத்திரண்டு வயதில் அப்பா தனியாகக் கடலுக்குப் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஜெசிந்தாதான் வழி சொன்னாள்.

"ஒரு நா நானும் வந்து பாக்கேன். எனக்குப் பயமாயிருந்துச்சுன்னா படகக் குடுத்துரணும்."

சரி என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு நாள் இன்று.

"ஏங்க, இழுக்கு."

"விட்டு விட்டு இழு."

"கைய அறுக்கு. எந்திரிச்சு வாங்களேன்."

"நீயே இழு ஜெசி. முத மீனு, நீயே எடுத்தாத்தான் நல்லது."

"அங்க உக்காந்து என்ன செய்திய?"

"படகு சாயாமப் பாத்துக்கிடுதேன்."

அவள் இழுத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தாள். நீருக்குள் ஒரு வெளிச்சம் சுழன்று மேலே வந்தது. விளமீன்.

எத்தனையோ விளமீன் அரிந்த கை. உயிரோடு ஒன்றைத் தொடுவது இதுதான் முதல் தடவை. அது துள்ள, அவளும் துள்ளினாள்.

அவருடைய விரல் நுனியை வெளியே ஏதோ கொத்தியது.

மறுபடியும் கொத்தியது. சின்ன மீன்கள்.

இத்தனை வருடம் தூண்டிலில் இரை மாட்டியவர், அசையாமல் இரையாக உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது மீன். மூன்றாவது. நான்காவதை அவள் சத்தமே இல்லாமல் தூக்கிப் போட்டாள். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இதுக்குத்தானா முப்பத்தொரு வருசமா விடிய முன்ன எந்திரிச்சு ஓடுனிய?"

விரல் மரத்துப் போயிருந்தது. ஏற்கெனவே உள்ளே வந்த தண்ணீர் கணுக்காலைத் தொட்டு அலைந்தது. முன்பக்கம் அது பலகைகளுக்கு அடியில் இருந்ததால் அவளுக்குத் தெரியாது என்று நம்பினார்.

கொண்டல் காற்று எழும்பியது. படகு தலையை ஆட்டத் தொடங்கியது.

திரும்ப வேண்டும். நங்கூரம் முன்னால் இருக்கிறது.

"ஜெசி. அந்த நங்கூரத்தத் தூக்கிரு."

அவள் திரும்பினாள். அவள் பார்வை அவர் முகத்திலிருந்து கீழே இறங்கி மேலே வந்தது.

"நானா?"

"பத்துக் கிலோதான்."

"எவன் படகுன்னாலும் ஓடிப் போயித் தள்ளுவிய. பொண்டாட்டி கூட வந்தா மட்டும் மகாராசா கணக்கா உக்காந்துக்கிடுவிய."

சொல்லிக்கொண்டே எழுந்தாள். ஒரு முறை தடுமாறி விளிம்பைப் பிடித்தாள். அவர் உடம்பு பாதி எழுந்து, விரல் நினைவுக்கு வர, மறுபடி உட்கார்ந்தது. கயிறு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. கடைசியில் சேறோடு நங்கூரம்.

மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. படகின் மூக்கு உயர்ந்தது.

விரலை உருவினார்.

உள்ளே கிடந்த தண்ணீர் பின்னால் ஓடி வந்து, களக் களக் என்று துளை வழியே வெளியேறியது. நெடுநேரமாக அடைத்துக் கிடந்த மூச்சும் அதோடு போனது. மாதா கோயில் கோபுரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. இத்தனை அழகாக அதை அவர் பார்த்ததில்லை.

கரையில் இரண்டு பேர் படகை இழுத்துவிட வந்தார்கள். ஜெசிந்தா மணலில் நின்று மகளிடம் போனில் பேசினாள். கரைக்கே கேட்டது.

"பயமா? எனக்கென்னட்டி பயம். உங்கப்பாவுக்குத்தான் பயம். உக்காந்த எடத்த விட்டு அசையல மனுசன். நங்கூரத்தக்கூட நாந்தான் தூக்குனேன்."

இழுக்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, கடலு பயமாக்கும்?"

புயல் நாளில் தனி ஆளாகப் படகைக் கரை சேர்த்தவர் என்று இதே கரையில் அவருக்கு ஒரு பெயர் உண்டு.

"ஆமாப்பா" என்றார்.

"இனி இவரத் தனியா விட ஏலாது" ஜெசிந்தா போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "நானும் கூடப் போயிக்கிடுதேன். கேட்டு வந்தவர்ட்ட படகு விக்கிறதுக்கில்லன்னு சொல்லிரு."

அவர் படகின் விளிம்பில் கை வைத்தார். வெயிலில் சூடாக இருந்தது. எடுக்கவில்லை.

நான்கு மீனையும் தானே தூக்கிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். பின்னால் அவர். மணல் சுட்டது. விரல் விண்விண்ணென்று தெறித்தது. நொண்டாமல், எப்போதும் போலக் காலை ஊன்றி ஊன்றி நடந்தார்.

அவள் திரும்பாமலே சொன்னாள்.

"வீட்டுக்குப் போனதும் அந்த வலது கால வெந்நீர்ல வையுங்க."