சிவப்பு எழுத்து

"லிஃப்ட் கரகரங்குதுன்னு சிவப்புல, பெருசா எழுதினேனே சார்! திருப்பி அனுப்பிட்டீங்களே!"

"விதி விதிதாம்மா. நம்ம குடியிருப்புக் குழுவுக்கு வர்ற மெயில் வெறும் எழுத்தா இருக்கணும். எச்.டி.எம்.எல்.னு கலர், படம்லாம் போட்டு அலங்கரிச்சா திருப்பித்தான் அனுப்புவேன்."

இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்ட லிஃப்டுக்குள் மூன்றாம் மாடி அக்காவும் குடியிருப்புச் சங்கச் செயலாளரும் கத்துவதைப் படியில் உட்கார்ந்து கேட்கிறேன். காதைப் பொத்திக்கொள்ள நான் என்ன முனிவரா? கதவிடுக்கில் மஞ்சள் வெளிச்சம் கோடாகக் கசிகிறது. அதன் வழியே அக்காவின் விரல்கள் மட்டும் வெளியே நீண்டிருக்கின்றன. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அவள் மகள் மண்டியிட்டு அவற்றைப் பிடித்திருக்கிறாள். கீழே டாக்ஸி ஹாரன் அடிக்கிறது. "கிளம்புடி, ஃப்ளைட் போயிடும்," என்கிறாள் அக்கா. விரல்களோ விடுவதாயில்லை. "லிஃப்ட் கம்பெனிக்கு போன் போடறேன்மா," என்கிறார் செயலாளர்.

அன்று மகள் போனாள், பிறகு அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். அந்த அழைப்பிதழை ரோஜாப்பூவும் சிவப்பு எழுத்துமாகக் குழுவில் போட்டவர் யார் என்கிறீர்கள்? தரைத்தளத்துக்கு வீடு மாறிவிட்ட நம் செயலாளர்தான்.