அழத் தெரியாத தையல்கடை

"ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் வேலை செய்யிறீங்கள், அக்கா?"

கதிரையில் உட்காரும் முன்பே கொப்பியை விரித்துவிட்டாள் அந்தப் பெண். கிளிநொச்சியிலிருந்து வாடகை வான் வண்டியில் வந்திறங்கியவள். பெயர் சுதாஜினி, இருப்பது கனடாவில். "முதல்ல கொஞ்சம் கேள்வி கேக்கிறன், வந்த விசயத்தைக் கடைசியில சொல்லுறன்" என்றுதான் தொடங்கினாள்.

அதைச் சொல்லித்தான் நேசமலருக்குத் தெரியவேண்டுமா? உடையார்கட்டு ஊரில் யாருக்குத்தான் தெரியாது! போர் முடிந்த நாளிலிருந்து உதவி தருகிறோம் என்று கொப்பியும் கையுமாக வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் கேட்பார்கள். கோழித் திட்டம் என்று ஒரு கூட்டம் வந்தது. கோழியைக் கீரி கொண்டுபோனது, திட்டத்தின் பலகை மட்டும் இன்னும் வாசலில் நிற்கிறது. கேட்ட கேள்விக்குக் கண்ணீர் விட்டால் ஏதாவது கிடைக்கும். கடையில் கூடத் தைக்கிற வடிவம்மா அப்படி அழுதுதான் இரண்டு ஆடு வாங்கினாள்.

நேசமலரும் மற்றவர்களும் கூட்டாக நடத்துகிற தையல்கடையில் ஐந்து மெசின், ஐந்து பெண்கள். பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்து முடிந்து மூன்று கிழமையாகிறது, ஒரு முழத் துணியும் வரவில்லை. திங்கட்கிழமைக்குள் வேலை வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு எல்லாரும் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறவேண்டியதுதான். நேசமலர் அங்கே ஐந்து வருடம் மாரடித்தவள். மூத்திரம் பெய்யப் போவதற்கும் அட்டை கேட்டு நிற்க வேண்டிய இடம். ஒருநாள் அந்த அட்டையை மேசையில் எறிந்துவிட்டு வந்தவள். மறுபடியும் அங்கேயா!

"சொல்லனடி," என்று பக்கத்திலிருந்த வடிவம்மா விலாவில் இடித்தாள். "அழுத பிள்ளைக்குத்தான் பால்."

"நாங்கள் பால்குடிப் பிள்ளையள் இல்லை, வடிவக்கா."

வடிவம்மா விடுவாளா? முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தானே தொடங்கினாள். "அதையேன் பிள்ளை கேக்கிறாய்! விடிய நாலு மணிக்கு எழும்பினால்..."

"அது அவாவின்ர ஆட்டுக்குக் குழை முறிக்க," என்றாள் நேசமலர். "இஞ்ச ஒன்பது மணிக்குத்தான் வாறவா. பின்னேரம் நாலு மணிக்குப் பூட்டிப்போடுவம்."

பேனை ஓடியது. "சம்பளம் ஆர் தீர்மானிக்கிறது?"

"வயித்துக்கும் காணாது, மோளே..." என்று வடிவம்மா இழுத்தாள்.

"நாங்கள்தான். இஞ்ச முதலாளி எண்டு ஒருத்தருமில்லை," என்று நேசமலர் வெட்டினாள்.

"சின்னப் பிள்ளையள் ஆரும் வேலை செய்யினமோ?"

"என்ர மகளை ஊசியில நூல் கோக்கச் சொன்னாலே ஓடிப்போடுவாள். அவள் படிக்கட்டும்."

"வருத்தம் வந்தால்?"

"வீட்டில படுப்பம். ஆரிட்டையும் அட்டை கேக்கத் தேவையில்லை."

வடிவம்மா மூக்கைச் சிந்தும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் முகம் வாடியது. நேசமலர் வெடுக்கென்று பதில் சொல்லும்போதோ உதட்டில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புத்தான் நேசமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளவைக்கு உதவி தேவையில்லை என்று பட்டியலில் வெட்டுகிற சந்தோசமாக்கும்!

"கடைசிக் கேள்வி, அக்கா. இந்த வேலையில சந்தோசமா இருக்கிறீங்களோ?"

மேசைக்குக் கீழே வடிவம்மா காலை மிதித்தாள். நேசமலர் எழுந்தே விட்டாள்.

"ஓம், சந்தோசமாத்தான் இருக்கிறம்! எழுதுங்கோ, வடிவா எழுதுங்கோ. பாட்டுப் போட்டுத் தைக்கிறம், பகிடி விட்டுத் தைக்கிறம். சண்டைக்குப் பிறகு எத்தினை பேர் வந்து எங்கட கண்ணைப் பார்த்தவை, ஈரமாக் கிடக்குதோ எண்டு! ஒருத்தராவது நாங்கள் தைச்ச சட்டையை மறுபக்கம் திருப்பித் தையலைப் பார்த்தவையோ? உடுப்பு வேணுமெண்டு வாறவை வரட்டும். அழுகை வேணுமெண்டு வாறவைக்கு இஞ்ச சரக்கில்லை, தங்கச்சி. போயிட்டு வாங்கோ!"

அந்தப் பெண் கொப்பியை மூடிக்கொண்டு வான் நின்ற பக்கம் போனாள்.

வடிவம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வந்த சீதேவியைக் காலால உதைச்சுப்போட்டியேடி! ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் குறைஞ்சே போவாய்? திங்கக்கிழமை வெள்ளண பஸ்ஸுக்கு நீதான் எல்லாரையும் எழுப்போணும், சொல்லிப்போட்டன்."

"எழுப்பிறன்," என்றாள் நேசமலர். இந்த ஐந்து மெசினையும் விட்டுவிட்டுப் போகவேண்டும் என்பது தாங்கமுடியாமல் வலித்தது. ஆனால் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திருப்பி எடுக்க அவள் தயாரில்லை.

வெளியே வான் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. போய்விட்டாள் என்று பார்த்தால், பெரிய துணிக்கட்டு ஒன்றைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு அவள் திரும்பி வருகிறாள்! வந்து மேசையில் பொத்தென்று போட்டாள். அத்தனையும் கைத்தறித் துணி.

"என்ர கலியாணத்துக்கு, அக்கா. எனக்கும் தோழிமாருக்கும் சொந்தக்காரருக்கும் எண்டு நாப்பது சட்டை. தைக்கிற ஆக்கள் எப்பிடி இருக்கினம் எண்டு பார்த்துத்தான் நான் உடுப்பு எடுக்கிறனான். அதை முதலே சொன்னால் எல்லாரும் நல்லா இருக்கிறம் எண்டுதான் சொல்லுவினம், அதுதான் மூச்சு விடேல்லை," என்று மூச்சு வாங்கினாள் சுதாஜினி. "ஏழு இடம் ஏறி இறங்கிட்டன். எல்லா இடத்திலயும் அழுதவை. அழுது தைச்ச சட்டையைப் போட்டுக்கொண்டு நான் எப்பிடியக்கா மணவறையில இருக்கிறது?"